படகை இழுக்கும் கயிறு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் படகு ட்ரெயிலரின் சக்கரங்களையும் பேரிங்குகளையும் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சக்கரத்தை விட்டுவிட்டு, ட்ரெயிலரின் முன்தூணில் இருக்கும், கைப்பிடியைச் சுற்றிப் படகை இழுத்து ஏற்றும் வின்ச்சையும் அதில் சுற்றியிருக்கும் கயிற்றையும் பற்றியே கேட்கின்றன. மெல்பேர்ணை ஒட்டிய போர்ட் பிலிப் விரிகுடாவில் ஸ்நாப்பர் மீன் நுழையும் ஒக்டோபர் மாதம் நெருங்குகிறது. பல மாதங்களாகக் கொட்டகையில் கிடந்த படகுகள் எல்லாம் ஒரே வாரத்தில் நீருக்கு இறங்கும் காலம் அது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். படகின் முன்பக்கத்தை நம் கடற்கரைகளில் அணியம் என்பார்கள். வேறு சொல் தேடாமல் அதையே இங்கும் கையாளுகிறேன்.

கேள்வி: என்னிடம் 5.2 மீற்றர் பைபர்கிளாஸ் படகு இருக்கிறது. இயந்திரம், எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,100 கிலோ. ட்ரெயிலருடன் வந்த எஃகு வடம் துருப்பிடித்துவிட்டது. சென்ற முறை அதிலிருந்து ஒரு கம்பி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. கடைக்காரர் பட்டை போடச் சொல்கிறார். நண்பர் டைனீமா கயிறுதான் சிறந்தது என்கிறார். எதை வாங்குவது? (மெல்பேர்ண் வாசகர்)

எதை வாங்குவதென்று முடிவு செய்யும்வரை காத்திராமல், அந்த எஃகு வடத்தை இன்றே கழற்றிவிடுங்கள். ட்ரெயிலர் வின்ச்களில் வழக்கமாகக் காணப்படும் வடம் ஏழு புரிகளால் முறுக்கப்பட்டது. ஒவ்வொரு புரியிலும் 19 மெல்லிய கம்பிகள் இருக்கும். மொத்தம் 133 கம்பிகள். வின்ச்சில் கயிறு சுற்றிக்கொள்ளும் சிறிய டிரம்மில் ஒவ்வொரு முறையும் இறுக்கமாக வளைந்து நிமிர்வதால் இந்தக் கம்பிகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. துருவைத் தடுக்கும் நாகப்பூச்சை (துத்தநாகப் பூச்சை) உப்புநீர் தின்று முடித்தபின் அது இன்னும் விரைவாக நடக்கிறது. உங்கள் விரலைக் குத்தியது அப்படி முறிந்த ஒரு கம்பியின் முனை. வெளியே ஒன்று முறிந்திருக்கிறதென்றால், பார்வைக்கு எட்டாத உட்புரியில் எத்தனை முறிந்திருக்கின்றன என்பதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. கழற்றும்போது தோல் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கயிறு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்ற கேள்வி. படகு 1,100 கிலோ என்பதால் கயிற்றின் மீது 1,100 கிலோ விழுவதில்லை. எட்டு மீற்றர் நீளத்துக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவு, அதாவது நாம் பயன்படுத்தும் படகுத்துறைகளில் சாதாரணமாகக் காணும் சரிவு ஒன்றில், உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டால் உங்கள் படகை மேலே இழுக்க ஏறத்தாழ 135 கிலோ விசை போதும். ஆனால் உராய்வு இல்லாத ட்ரெயிலர் இல்லை. உருளைகள் நன்றாகச் சுழன்றால் இந்த எண் ஓரளவு கூடும். கம்பளம் போர்த்திய நீள்பலகைகளின் மேல், படகின் அடிப்பாகம் நீரை விட்டு வெளியேறிய நிலையில் இழுத்தால் பல மடங்கு கூடும். ஓர் உருளை உப்பேறி இறுகிப்போய், படகின் அடிமுதுகு குறுக்குச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? நீங்கள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள்; வின்ச் தன்னால் இயன்ற முழு விசையையும் கயிற்றின் மேல் ஏற்றும். ஆகவே கயிற்றைப் படகின் எடைக்கு ஏற்பத் தெரிவு செய்வதைவிட, வின்ச்சின் திறனுக்கு ஏற்பத் தெரிவு செய்வதே சரியான முறை. வின்ச்சின் உடலில் பொறித்திருக்கும் இழுவைத் திறனைப் பாருங்கள். கயிறு அறுபடும் பாரம் அதைப்போல் குறைந்தது இரு மடங்காக இருக்க வேண்டும். நான் என்னுடைய ட்ரெயிலருக்கு மூன்று மடங்குக்குக் குறைவாக எதையும் போடுவதில்லை.

அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்றையும் பார்ப்போம். 4.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள நாகம் பூசிய எஃகு வடம் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 1,900 கிலோ வரை தாங்கும். கூரான விளிம்புகளுக்கும் வெயிலுக்கும் அது அஞ்சாது. ஆனால் உப்புநீருக்கு அஞ்சும். மேலும், தளர்வாகச் சுற்றினால் அடுக்குகளுக்கிடையே சிக்கிக்கொண்டு நெளியும், ஒருமுறை நெளிந்த இடம் பிறகு ஒருபோதும் முழு வலிமைக்குத் திரும்பாது.

டைனீமா என்பது நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனம் உருவாக்கிய இழையின் வணிகப் பெயர். பொலிஎத்திலீனின் மிக நீண்ட மூலக்கூறுகளை ஒரே திசையில் இழுத்து நிறுத்திய இழை அது. 6 மில்லிமீற்றர் தடிப்பிலேயே மூன்று தொன்னுக்கு மேல் தாங்கும், நீரில் மிதக்கும், துருவும் அதற்கு இல்லை. எடையும் நீட்சியும் மிகக் குறைவு என்பதால், அறுந்தால் எஃகு வடத்தைப்போலச் சாட்டையாக வீசியடிப்பதில்லை. ஆயினும் முனையிலுள்ள கொக்கி பறந்து வரும் என்பதை மறக்கக் கூடாது. இத்தனை குணங்களும் இருந்தும் அது வெப்பத்துக்கும் உரசலுக்கும் மென்மையானது. 145 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும் அந்த இழை, அதற்கு வெகு முன்பே வலிமை இழக்கத் தொடங்கும். பல ஆண்டுகள் எஃகு வடம் சுற்றியிருந்த டிரம்மில் சிறு சிறு கீறல்களும் பிசிறுகளும் கட்டாயம் இருக்கும். அவற்றை அரம் கொண்டு தேய்த்து மழமழப்பாக்காமல் டைனீமாவைச் சுற்றினால், முதல் கோடை முடிவதற்குள்ளேயே கயிறு பஞ்சாகத் தொடங்கிவிடும்.

பட்டை என்பது 50 மில்லிமீற்றர் அகலத்தில் நெய்த பொலியெஸ்டர் நாடா. நாடாவில் சேதம் எங்கே இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது. விளிம்பில் வெட்டு விழுந்திருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா என்பதை ஒரு சிறுவன்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். இரு முனைகளிலும் வளையம்போல் கண் தைத்தே வருவதால் முடிச்சோ பின்னலோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதிலும் பொலியெஸ்டர் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: நைலோன் நனைந்தால் வலிமை குறைந்து அதிகமாக நீளும், பொலிபுரொப்பிலீன் நம் வெயிலில் விரைவில் பொடியாகும். தாங்கும் பாரத்தை அச்சிட்ட லேபிள் தைக்கப்படாத பட்டையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

உங்கள் படகுக்கு என் பரிந்துரை பொலியெஸ்டர் பட்டை. டைனீமா அதைவிட வலிமையானது என்பதில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஆனால் உங்களுக்குத் தேவையான வலிமையைப் பட்டையே தருகிறது, அதற்கு மேல் உங்களுக்கு வேண்டியது சேதத்தை நேரத்தோடு கண்டுகொள்ளும் வசதி.

கேள்வி: உங்களைப் போன்ற ஒருவர் சொன்னதைக் கேட்டு ஏழரை மீற்றர் பட்டை போட்டேன். படகு நீரில் மிதக்கும்போது கைப்பிடி இலகுவாகச் சுற்றுகிறது. கடைசி ஒரு மீற்றரில் என் முழுப் பலத்தையும் கொடுத்தாலும் அசைவதில்லை. முன்பு எஃகு வடம் இருந்தபோது இந்தச் சிரமம் இருக்கவில்லை. வின்ச் பழுதா? (சிட்னி வாசகர்)

வின்ச் பழுதில்லை. டிரம் பருத்துவிட்டது என்பதுதான் காரணம். இதைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன், ஏனெனில் பட்டை வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வின்ச்சின் இழுவை விசை மூன்றைப் பொறுத்தது: கைப்பிடியின் நீளம், பற்சக்கரங்களின் விகிதம், கயிறு சுற்றியிருக்கும் டிரம்மின் ஆரை. முதல் இரண்டும் மாறுவதில்லை. மூன்றாவது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறுகிறது. உங்கள் வின்ச்சின் கைப்பிடி 250 மில்லிமீற்றர், பல் விகிதம் ஐந்துக்கு ஒன்று, வெறும் டிரம்மின் விட்டம் 35 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். டிரம் வெறுமையாக இருக்கும்போது அதன் ஆரை 17.5 மில்லிமீற்றர், 250 ஐ ஐந்தால் பெருக்கி 17.5 ஆல் வகுத்தால் 71 வருகிறது. அதாவது நீங்கள் கையால் 15 கிலோ விசை கொடுத்தால், பற்களின் உராய்வைக் கணக்கில் எடுக்காத நிலையில், பட்டையில் 1,000 கிலோவுக்கு மேல் இழுவை கிடைக்கும்.

இனி, 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழரை மீற்றர் பட்டை முழுவதும் சுற்றிய நிலையைப் பாருங்கள். பட்டை தன்மீது தானே அடுக்கடுக்காக ஏறுவதால் ஆரை ஏறத்தாழ 71 மில்லிமீற்றராகிவிடுகிறது. அதே 15 கிலோ கைவிசைக்கு இப்போது கிடைப்பது 265 கிலோ அளவுதான். நான்கில் ஒரு பங்கு. படகு மிதந்துகொண்டிருக்கும்போது, இழுவையே தேவைப்படாத வேளையில், வின்ச் மிகப் பலசாலியாக இருக்கிறது. படகு நீரை விட்டு வெளியேறித் தன் முழு எடையையும் ட்ரெயிலரின் மீது ஏற்றும் கடைசி ஒரு மீற்றரில் அதே வின்ச் மிகவும் பலவீனமாகிறது. வின்ச்சின் உடலில் பொறித்திருக்கும் எண் முதல் அடுக்குக்கு உரியது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

கயிறும் எஃகு வடமும் டிரம்மின் அகலம் முழுவதும் பரவிச் சுற்றுவதால் இவ்வளவு பருப்பதில்லை. 60 மில்லிமீற்றர் அகலமுள்ள அதே டிரம்மில் 6 மில்லிமீற்றர் கயிற்றை ஏழரை மீற்றர் சுற்றினால் ஆரை ஏறத்தாழ 42 மில்லிமீற்றரில் நின்றுவிடும். உங்கள் கைவிசைக்கு 445 கிலோ அளவு கிடைக்கும். எஃகு வடம் இன்னும் மெல்லியது. முன்பு சிரமம் தெரியாததற்குக் காரணம் இதுவே.

என்ன செய்யலாம்? பட்டையைத் தேவைக்கு மேல் நீளமாக வைத்திருக்காதீர்கள். ட்ரெயிலர் நீரில் இருக்கும்போது அணியக் கண் (அணியத்தில் கொக்கி மாட்டும் வளையம்) கடைசி உருளையைத் தொடும் இடம்வரை அளந்து, டிரம்மில் எப்போதும் எஞ்சியிருக்க வேண்டிய மூன்று சுற்றுகளையும் கூட்டினால் அதுவே போதிய நீளம். ஐந்து மீற்றராகக் குறைத்தால் ஆரை 59 மில்லிமீற்றருக்கு இறங்கும், கைக்கு ஆறில் ஒரு பங்கு பாரம் குறையும். குறைக்க விரும்பினால் அந்த நீளத்தில் தைத்த பட்டையை வாங்குங்கள். இருப்பதை வெட்டி வீட்டுத் தையல் இயந்திரத்தில் கண் தைக்க வேண்டாம். உங்கள் வின்ச்சில் பத்துக்கு ஒன்று என்ற மெதுவான பல் இருந்தால் கடைசிப் பகுதிக்கு அதற்கு மாற்றுங்கள். வேகம் பாதியாகும், விசை இரு மடங்காகும். எல்லாவற்றிலும் பயன் தருவது, ட்ரெயிலரை இன்னும் ஓர் அடி ஆழத்துக்கு இறக்கிப் பார்ப்பது. நீர் தாங்கும் எடையை உங்கள் தோள் தாங்க வேண்டியதில்லை. கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டிச் சுற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கூடுதல் விசையைத் தாங்குவதற்காக அந்தப் பற்கள் செய்யப்படவில்லை.

கேள்வி: டைனீமா கயிறு வாங்கி, கொக்கியில் நல்ல முடிச்சாகவே போட்டேன். இரண்டாம் முறை இழுக்கும்போது முடிச்சு வழுக்கிக் கழன்றுவிட்டது. கயிறு போலியா? (பேர்த் வாசகர்)

போலியாக இருக்க வேண்டியதில்லை. அந்த இழையின் மேற்பரப்பு மெழுகுபோல் வழுக்கும்; தேங்காய்நார்க் கயிற்றிலும் நைலோன் கயிற்றிலும் நம் கைகள் பழகிய முடிச்சுகள் அதில் நிற்பதில்லை. நின்றாலும் பயனில்லை: முடிச்சின் வளைவு கயிற்றின் வலிமையில் பாதியையும் அதற்கு மேலும் தின்றுவிடும். மூன்று தொன் கயிற்றுக்குக் காசு கொடுத்து ஒன்றரைத் தொன் கயிற்றைப் பெற்றதாக ஆகிவிடுகிறது.

டைனீமாவுக்கு உரிய முறை, கயிற்றின் முனையைத் திரும்ப வளைத்து அதே கயிற்றின் உள்ளீட்டுக்குள் நீளமாகச் செருகிப் புதைத்து ஒரு கண் உண்டாக்குவதுதான். பன்னிரு இழைப் பின்னலின் நடு வெறுமையாக இருப்பதால் இது இலகுவாகவே கைவரும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்ளே புதைந்த முனையை இறுகப் பிடித்துக்கொள்ளும். புதைக்கும் நீளம் கயிற்றின் தடிப்பைப்போல் அறுபது எழுபது மடங்கு, அதாவது 6 மில்லிமீற்றர் கயிற்றுக்கு ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். பாரமில்லாத வேளையில் நழுவாதிருக்கப் புதைத்த இடத்தின் மேல் சில தையல்களும் போட வேண்டும். கண்ணுக்குள் உலோக வளையம் ஒன்றை வைத்தால் கொக்கி கயிற்றை நேராக உரசாது. இதைச் செய்து பழகாதவர்கள் கண் போட்டு முடித்த கயிற்றாகவே வாங்கிக்கொள்ளலாம்.

அதே வழுக்கல் மறுமுனையிலும் சிக்கல் தரும். டிரம்மில் கயிற்றைப் பிடித்திருக்கும் சிறு போல்ட் இழுவையைத் தாங்குவதற்கானது அல்ல; சுற்றுகளின் உராய்வுதான் தாங்குகிறது. பட்டைக்கு மூன்று சுற்றுகள் எஞ்சியிருந்தால் போதும். டைனீமாவுக்கு எட்டுச் சுற்றுகளாவது எப்போதும் டிரம்மில் இருக்க வேண்டும். நீளத்தை அளக்கும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகு வடம் போட்டால் இந்தக் கவலைகள் எல்லாம் தீருமல்லவா? (பிரிஸ்பேன் வாசகர்)

தீராது. துரு குறையும், அவ்வளவுதான். சிறிய டிரம்மில் வளைந்து வளைந்து கம்பிகள் களைத்து முறிவது துருப்பிடிக்காத எஃகிலும் நிகழும்; வெளித்தோற்றம் பளபளப்பாகவே இருப்பதால் அது முன்னெச்சரிக்கை தராமல் முறியும். புரிகளுக்கிடையே உப்புநீர் தேங்கிக் காற்றோட்டமின்றி நிற்கும் இடங்களில், கடலுக்கு ஏற்றதெனப்படும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கப்படும். அத்துடன், நாகம் பூசிய டிரம்மோடு அது உப்பீரத்தில் ஒட்டிக் கிடந்தால், டிரம்மின் நாகம்தான் முதலில் கரைந்து போகும். கொக்கிக்கும் வளையத்துக்கும் துருப்பிடிக்காத எஃகு நல்லது. வடத்துக்கு நான் அதை விரும்புவதில்லை.

கேள்வி: சென்ற கோடையில் என் கணவர் படகை இறக்கும்போது வின்ச்சின் கைப்பிடி சுழன்றடித்து அவருடைய முன்கை எலும்பு முறிந்துவிட்டது. கயிறு வழுக்கியதால்தான் அப்படி ஆனதென்று அவர் சொல்கிறார். கயிற்றை மாற்றினால் மீண்டும் நடக்காதா? (அடிலெய்ட் வாசகி)

அம்மா, உங்கள் கணவர் விரைவில் முழுமையாகக் குணமடைய வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் மனம் நோகக் கூடாது. ஆனால் இது கயிற்றின் பிழையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சாதாரண வின்ச்சில் பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது ஒரு சிறிய தடைநாக்கு மட்டுமே. படகை இறக்குவதற்காக அந்த நாக்கை விலக்கும் கணத்தில், படகின் இழுப்பு முழுவதும் கைப்பிடியைப் பிடித்திருக்கும் கைக்கு வந்து சேர்கிறது. மேலே நான் போட்ட கணக்கை மறுபுறம் திருப்பிப் பாருங்கள்: டிரம் பருத்திருக்கும்போது கயிற்றிலுள்ள 265 கிலோ கைக்கு 15 கிலோவாக வருகிறது, 500 கிலோ என்றால் ஏறத்தாழ 28 கிலோ. ஈரக்கையிலிருந்து அது நழுவிவிட்டால் கைப்பிடி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலத் தொடங்கும். அதைப் பிடித்து நிறுத்தக் கை தானாகவே நீளும். எலும்பு முறிவது அந்தக் கணத்தில்தான்.

ஆகவே இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தானியங்கித் தடை உள்ள வின்ச்சுக்கு மாறுங்கள். அதில் கைப்பிடியை விட்டாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும், இறக்குவதற்கும் கைப்பிடியை எதிர்த்திசையில் சுற்றியே ஆக வேண்டும். மாற்றும்வரை, ட்ரெயிலரைப் போதிய ஆழத்துக்கு இறக்கிப் படகு மிதக்கத் தொடங்கி, கயிறு தொய்ந்த பிறகே நாக்கை விலக்குங்கள். கைப்பிடி நழுவிவிட்டால் படகு போகட்டும். பின்வாங்கி நின்றுகொள்ளுங்கள். படகைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். குழந்தைகளையும் இழுவைக் கோட்டுக்கு நேராக நிற்க விடாதீர்கள். அந்தச் சரிவில் உதவிக்கு வருபவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கிறார்கள்.

கேள்வி: புதுப் பட்டை மிகவும் வலிமையானது. நெடுஞ்சாலையில் போகும்போது அணியத்தை அதுவே பிடித்திருக்குமே, வேறு கட்டு எதற்கு? (கன்பரா வாசகர்)

வின்ச் கயிற்றின் வேலை படகை ட்ரெயிலரில் ஏற்றுவது. சாலையில் ஒவ்வொரு குழியிலும் படகு துள்ளும்போது அந்த அதிர்வு முழுவதும் தடைநாக்கின் ஒரு பல்லில் விழுகிறது. அணியக் கண்ணிலிருந்து வின்ச் தூணுக்குத் தனியாக ஒரு சங்கிலி, பின்புறத்தில் இரு பக்கமும் ட்ரெயிலர் சட்டத்தோடு இறுக்கிய கட்டுப்பட்டைகள், இவை இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். சங்கிலியைப் படகு நீரைவிட்டு வெளியே வருமுன்பே, அணியம் முன்தடுப்பில் முட்டிய உடனே மாட்டிவிடுவது என் வழக்கம். சரிவில் ஏறும்போது பட்டை அறுந்தால் அது காப்பாற்றும். சங்கிலியில் பாரம் பொறித்த ஷாக்கிள்களையே (இணைப்பு வளையங்களையே) பயன்படுத்துங்கள்.

கேள்வி: பட்டையை எப்படிப் பராமரிப்பது? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? (ஜீலோங் வாசகர்)

ஆண்டுக் கணக்கு சொல்வதைவிட, பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்வதே உங்களுக்கு உதவும் என்று எண்ணுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், வெஸ்டர்ன் போர்ட்டில் ஹேஸ்டிங்ஸ் துறையில் நீர் வற்றிக்கொண்டிருந்த மாலையில் ஒரு நண்பரின் படகை ஏற்றிக்கொண்டிருந்தோம். பட்டையின் வெளிப்பகுதி புதியதைப்போல் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவர் அதை நன்னீரில் கழுவுவதை நானே பார்த்திருக்கிறேன். வற்றிய நீரில் அன்று வழக்கத்தைவிட அதிக நீளம் வெளியே விட வேண்டியிருந்தது. டிரம்மில் ஒரு சுற்றுகூட எஞ்சவில்லை. படகு ஏறத் தொடங்கியதுமே பட்டை டிரம்மின் போல்ட்டருகே அறுந்து, படகு பின்னோக்கி வழுக்கி நீருக்குள் போயிற்று. யாருக்கும் அடி படாதது எங்கள் நற்பேறு. பிறகு அந்த முனையை எடுத்துப் பார்த்தோம். கடைசி அரை மீற்றர் கறுத்து, விறைத்து, துருக்கறை ஏறி, விரலால் கிழிக்கக்கூடியதாக இருந்தது. பட்டையைப் போட்ட நாளிலிருந்து அந்தப் பகுதியை யாரும் அவிழ்த்ததே இல்லை. கழுவிய நீரோடு சேர்ந்து உப்பும் உள்ளே இறங்கி அங்கேயே தங்கியிருந்தது.

அன்றிலிருந்து நான் ஒவ்வொரு ஆண்டும் செப்டெம்பரில், படகை வீட்டு முற்றத்தில் சங்கிலியிலும் கட்டுப்பட்டைகளிலும் உறுதியாக நிறுத்திவிட்டு, வின்ச் பட்டையைக் கடைசிச் சுற்றுவரை அவிழ்க்கிறேன். போல்ட்டையும் கழற்றுகிறேன். அது பட்டையின் கண்ணுக்குள் உரசித் தேய்த்திருக்கிறதா, அதன் மரையில் துரு கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பட்டை முழுவதையும் வெதுவெதுப்பான நன்னீரில் சிறிதளவு மென்மையான சவர்க்காரம் இட்டு ஊறவைத்து அலசி, நிழலில் காயவைக்கிறேன். உப்பு காய்ந்தால் படிகமாகி, ஒவ்வொரு இழுவைக்கும் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும்; ஆகவேதான் மேலே நீர் தெளிப்பது போதாது, ஊறவைக்க வேண்டும். வெளுப்பான் எதுவும் சேர்க்கக் கூடாது.

விளிம்பில் வெட்டு, பிரிந்த தையல், உருகி மினுங்கும் திட்டு, மடித்தால் அட்டைபோல் விறைக்கும் பகுதி, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் பட்டையை மாற்றிவிடுங்கள். தைத்தோ ஒட்டியோ சரிசெய்ய முயல வேண்டாம். நிறம் நன்றாக வெளுத்திருந்தால் வெயில் அதன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். வின்ச்சின் மேல் ஒரு தடித்த துணி உறையைப் போட்டுவைப்பது பட்டையின் ஆயுளைக் கூட்டும். ஆனால் ஈரத்தோடு மூடாதீர்கள். கொக்கியின் வாய் விரிந்திருக்கிறதா, அதன் பூட்டுநாக்கு தானாக மூடிக்கொள்கிறதா என்பதைப் பட்டையோடு சேர்த்தே பாருங்கள். பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் இடும்போது அது பட்டையில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கிரீஸில் மணல் ஒட்டும், மணல் பட்டையை அறுக்கும்.

மீண்டும் சுற்றும்போது சிறிது பாரம் கொடுத்துச் சுற்றுங்கள். ஒருவர் பட்டையின் முனையைப் பிடித்துப் பின்னிழுக்க மற்றவர் சுற்றினால் அடுக்குகள் இறுக்கமாகவும் நேராகவும் அமையும். வெறுமனே சுற்றினால் முதல் இழுவையில் மேல் அடுக்கு தளர்ந்த அடுக்குகளுக்குள் சரிந்து விளிம்பு மடியும். டைனீமா வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்ளும். டைனீமாவில் மேற்பரப்பு சற்று மயிர் எழும்புவது இயல்பு, அது உள்ளிழைகளுக்கு ஓரளவு காப்பாகவும் அமையும். ஓர் இழை முழுவதுமாக அறுந்திருந்தாலோ, ஓரிடம் மட்டும் மெலிந்தோ விறைத்தோ இருந்தாலோ அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: நாங்கள் ஒன்ராறியோவின் ஏரிகளில்தான் படகு ஓட்டுகிறோம், உப்பே கிடையாது. இத்தனை கழுவலும் எங்களுக்குத் தேவையா? (ரொறன்ரோ வாசகர்)

உப்பில்லாததால் உங்கள் வின்ச்சும் கொக்கியும் எங்களுடையதைவிட நீண்ட காலம் வாழும். ஆனால் மணலும் சேறும் ஏரியிலும் உண்டு, அவையும் இழைகளை அறுக்கும். உங்களுக்கு வேறொரு காரணமும் இருக்கிறது: பேரேரிகளில் பரவிவிட்ட வரிக்குதிரைச் சிப்பியும் நீர்க்களைகளும் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் படகுகளோடும் ட்ரெயிலர்களோடும்தான் பயணிக்கின்றன. அவற்றைத் தடுப்பதற்காக, படகிலும் ட்ரெயிலரிலும் ஒட்டியவற்றை அகற்றி நீரை வடித்துவிடுவதை ஒன்ராறியோ 2022 ஜனவரி முதல் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. அவ்வாறு துப்புரவு செய்யும்போது நனைந்த பட்டையையும் அவிழ்த்து, களைத்துண்டுகளை நீக்கிக் காயவிடுங்கள். ஒக்டோபரில் படகை நிறுத்தும்போது பட்டையைக் கழற்றி, நன்கு உலர்த்தி, வீட்டுக்குள் சுருட்டி வைத்துவிடுங்கள். வசந்தத்தில் திரும்பப் பூட்டும்போது டிரம் முனையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க அதுவே நல்ல வாய்ப்பாகவும் இருக்கும்.